கட்டுவிரியன் கடித்தவருக்கு மூச்சைக் கொடுங்கள்

மயக்க மருந்து டாக்டர் என்றால் நோயாளியைத் தூங்க வைப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தூக்கம் எங்கள் வேலையில் பாதிதான். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைக்கு உடம்பின் தசைகள் முழுவதும் தளர வேண்டும். அதற்காக வெக்குரோனியம் போன்ற ஒரு மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றுவோம். சில நிமிடங்களில் கை, கால், கழுத்து எல்லாம் ஓய்ந்துவிடும். மூச்சை இழுக்கும் உதரவிதானமும் ஓய்ந்துவிடும். அப்போதிலிருந்து அறுவை முடியும்வரை அவருக்காக மூச்சு விடுவது நாங்கள்தான். முடிந்ததும் நியோஸ்டிக்மின் கொடுப்போம். "ரிவர்ஸ் பண்ணியாச்சா மேடம்?" என்று அறுவை மருத்துவர் கேட்பார். நோயாளி தானாக மூச்சை இழுத்து, சொன்னபடி தலையைத் தூக்கிக் காட்டிய பிறகே வார்டுக்கு அனுப்புவோம். அரசு மருத்துவமனையில் பணி ஓய்வு பெறும்வரை அன்றாடம் நான் செய்த வேலை இது. மனிதரின் மூச்சை நிறுத்துகிறோமே என்று அங்கே யாரும் பதறியதில்லை. மூச்சு கொடுக்க ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நல்ல பாம்பின் விஷம் தசையில் செய்வது ஏறத்தாழ வெக்குரோனியம் செய்வதைத்தான். கட்டுவிரியனின் விஷம் இன்னும் ஒரு படி உள்ளே போய் நரம்பின் நுனியையே கெடுக்கிறது. இரண்டிலும் பெரும்பாலும் உயிர் போவது மூச்சுத் தசை ஓய்ந்துபோவதால். இதயம் அதன்பிறகும் சில நிமிடங்கள் துடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த நிமிடங்களில் யாராவது மூச்சு கொடுத்தால் அவர் பிழைப்பார். மழைக்காலம் வந்தால் செய்தித்தாள்களில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா? கேட்க வேண்டிய கேள்விதான். மூச்சு கொடுக்கத் தெரிந்த கை அங்கே இருக்கிறதா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நரம்பு தசைக்கு எப்படிச் சேதி சொல்கிறது என்பது புரிந்தால் நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதும் புரியும். நரம்பில் ஓடிவருவது மின்துடிப்பு. ஆனால் நரம்பு தசையைத் தொடுவதில்லை. நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை 20,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவு. மின்துடிப்பு அந்த விளிம்பில் வந்து நின்றுவிடும். அது வந்து சேர்ந்ததும் நரம்பின் நுனிக்குள் கால்சியம் புகுகிறது. நுனியில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் நுண்பைகள் திறந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை இடைவெளியில் கொட்டுகின்றன. எதிர்க்கரையில் தசையின் மீது அதைப் பிடித்துக்கொள்ள ஏற்பிகள் காத்திருக்கின்றன. பிடித்ததும் தசை சுருங்குகிறது. வேலை முடிந்த அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனே சிதைத்துவிடும். அடுத்த சேதிக்கு இடம் சுத்தமாகிவிடும். நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் கண்ணை அசைக்கும் தசைகளில் இது எத்தனையோ முறை நடந்து முடிந்திருக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி ஓர் அட்டையைப் பற்றியது. 1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தார். ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கினார். பிறகு அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து மற்ற இதயத்தில் விட்டார். நரம்பு தூண்டப்படாத அந்த இதயமும் மெதுவாகத் துடிக்கத் தொடங்கியது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்று. ஆனாலும் கை கால் தசைகளில் இவ்வளவு வேகமாக நடக்கும் வேலையை ஒரு சுரப்பு செய்ய முடியுமா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. சுரப்பதோ துளியிலும் துளி. சுரந்ததும் நொதி அதை அழித்துவிடுகிறது. எதை வைத்து அளப்பது?

விடை பெர்லினிலிருந்து வந்தது. யூதர் என்பதற்காக 1933இல் வேலையிலிருந்து நீக்கப்பட்ட வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க், லண்டனில் ஹென்றி டேலின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் கையோடு கொண்டுவந்த நுட்பம் எளிமையானது. அட்டையின் முதுகுத் தசையை எசரின் கலந்த நீரில் ஊறவைத்தால், மிக மிகக் குறைந்த அளவு அசிட்டைல்கோலின் பட்டாலும் அது சுருங்கும். எசரின் என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரையிலிருந்து எடுக்கப்படுவது. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது தடுத்து நிறுத்திவிடும். எங்கள் நியோஸ்டிக்மின் அதன் வழியில் உருவாக்கப்பட்ட மருந்துதான். டேல், ஃபெல்ட்பெர்க், மார்த்தே ஃபோக்ட் மூவரும் 1936இல் கை கால் தசைகளின் நரம்பு முனையிலும் அசிட்டைல்கோலின்தான் சுரக்கிறது என்று காட்டினார்கள். அதே ஆண்டு டேலுக்கும் லோவிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. லைப்ஸிக்கிலிருந்து லண்டனுக்கு வந்த இன்னொரு அகதி பெர்னார்ட் கட்ஸ், அசிட்டைல்கோலின் சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் வெளியே வருகிறது என்பதை 1950களில் கண்டார். ஒவ்வொரு பொதியிலும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். 1970இல் அவருக்கும் நோபல் கிடைத்தது. நாட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் கண்டு சொன்ன உண்மையை வைத்துத்தான் இன்று நம் ஊர் அறுவை அரங்குகளில் ஒவ்வொரு நாளும் மூச்சை நிறுத்தித் திரும்பத் தருகிறோம். அவர்கள் பெயர்களை என் மாணவர்களுக்கு நான் சொல்லாமல் விட்டதே இல்லை.

பாம்புகளும் இந்த ஆராய்ச்சியில் உண்டு. 1963இல் தைவானில் சாங், லீ என்ற இருவர் அந்த நாட்டுக் கட்டுவிரியனின் விஷத்தைப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு நஞ்சு எதிர்க்கரையில் இருக்கும் ஏற்பியை இறுகப் பற்றிக்கொண்டது. இன்னொன்று நரம்பின் நுனியைத் தாக்கியது. முதல் நஞ்சைக் கொண்டுதான் பிறகு அசிட்டைல்கோலின் ஏற்பியையே தனியாகப் பிரித்தெடுக்க முடிந்தது.

நம் ஊர் நல்ல பாம்பின் நரம்பு நஞ்சு முதல் வகை. அது ஏற்பியில் உட்கார்ந்துகொண்டு அசிட்டைல்கோலினை அண்டவிடாது. இங்கே நியோஸ்டிக்மின் கொடுத்தால் அசிட்டைல்கோலின் சிதையாமல் சேர்ந்து, நஞ்சோடு மல்லுக்கட்டி இடம்பிடிக்கும். மூடிய இமை திறப்பதைக் கண்முன்னே பார்க்கலாம். விஷமுறிவு மருந்தும் நன்றாக வேலை செய்யும்.

கட்டுவிரியன் முக்கியமாக இரண்டாம் வகை. அதன் நஞ்சு நரம்பு நுனிக்குள் இருக்கும் பைகளைக் காலிசெய்து, நுனியையே சிதைத்துவிடுகிறது. நியோஸ்டிக்மினால் அங்கே பெரிதாக எதுவும் நடக்காது. எண்ணெய் வற்றிய விளக்கில் திரியைத் தூண்டி என்ன பயன்? விஷமுறிவு மருந்து, அதாவது நாங்கள் வார்டில் ஏ.எஸ்.வி. என்று சொல்வது, ரத்தத்தில் இன்னும் திரிந்துகொண்டிருக்கும் நஞ்சைப் பிடிக்கும். ஆகவே அதைச் சீக்கிரம் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் நரம்பு நுனியில் ஏற்கெனவே நடந்துவிட்ட சேதத்தை அது திருப்பாது. கட்டுவிரியன் கடி மிகுந்த இலங்கையின் அநுராதபுரத்தில் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. நுனி மறுபடி வளர வேண்டும். அதற்கு நாள்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள். அந்த நாள்களை நோயாளி கடப்பதற்கு மூச்சு ஒன்றுதான் வழி. வேறு மருந்து கிடையாது.

இந்தப் பாம்பு கடிக்கும் விதமும் ஏமாற்றுவது. இரவில் வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். வலி பெரும்பாலும் இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட இடத்தைத் தேடினாலும் பல நேரம் கிடைக்காது.

டெல்டாவில் நான் பார்த்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். நடவு வேலைக்குப் போகிறவர். விடியற்காலை நாலு மணிக்கு வயிற்று வலி என்று எழுந்திருக்கிறார். வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் அல்சராக இருக்கும் என்று ஊசி போட்டார்கள். எட்டு மணிக்கு எங்களிடம் வந்தபோது இமை பாதிக்கு மேல் இறங்கியிருந்தது, எச்சிலை விழுங்க முடியவில்லை, பேச்சு மூக்கால் வந்தது. "வயித்து வலின்னுதாங்க டாக்டரம்மா எழுந்துச்சு. இப்ப கண்ணத் தொறக்க முடியலங்குது" என்றார் கணவர். பாம்பு என்ற வார்த்தையே அவர்கள் வாயில் வரவில்லை.

நான் அந்தப் பெண்ணிடம், "ஒரே மூச்சில் எது வரைக்கும் எண்ண முடியுதும்மா, எண்ணு" என்றேன். ஒன்பதில் நின்றுவிட்டார். இருபதைத் தொடாவிட்டாலே மூச்சுத் தசை ஓய்ந்துகொண்டு வருகிறது என்று பொருள். கருவி எதுவும் வேண்டாத சோதனை இது. தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்கச் சொல்வது இன்னொன்று. அவரால் தூக்க முடியவில்லை. உடனே குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தோம்.

மறுநாள் அவர் உடம்பில் அசைவே இல்லை. கண்மணி விரிந்து, டார்ச் அடித்தால் சுருங்காமல் இருந்தது. மூளை செயலிழந்துவிட்டது போலிருக்கிறது என்று ஓர் இளம் மருத்துவர் உறவினர்களிடம் சொல்லிவிட்டார். படுக்கைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று அவர்கள் பேசினார்கள். கண்மணியைச் சுருக்குவதும் நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின்தான். கட்டுவிரியன் விஷத்தில் அதுவும் நின்றுபோகும். டார்ச் வெளிச்சம் இங்கே மூளையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. நஞ்சு மூளைக்குள் புகுவதில்லை. நான் அந்தக் கணவரைத் தனியே அழைத்து, "உங்க சம்சாரத்துக்கு எல்லாம் கேட்குதுங்க. அவங்க பக்கத்துல நின்னு அழாதீங்க, பேசுங்க" என்றேன். ஐந்தாம் நாள் புருவம் அசைந்தது. இரண்டு வாரம் கழித்து நடந்து வீட்டுக்குப் போனார். போவதற்கு முன்பு, தன்னைத் தூக்கிக்கொண்டு போவதைப் பற்றி யார் யார் என்ன பேசினார்கள் என்று ஒவ்வொன்றாக என்னிடம் சொன்னார். நாத்தனார் அழுததையும் சொன்னார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் செவிலியர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: கட்டுவிரியன் நோயாளி அசையாவிட்டாலும் விழித்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தூக்க மருந்து கொடுங்கள். இமை மூடாத கண் காய்ந்து புண்ணாகும். ஈரப்படுத்தி ஒட்டி மூடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இப்போது சளியை உறிஞ்சப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அறுவை அரங்கில் தசையை மட்டும் ஓயவைத்துவிட்டுத் தூக்கத்தைக் கொடுக்க மறந்தால் அதைப் பெருங்குற்றமாக நினைப்போம். பாம்பு கடித்து வந்தவருக்கும் அதே நியாயம்தானே?

பிழைத்தவரைச் சொன்னேன். பிழைக்காத ஒரு பள்ளிச் சிறுவனையும் சொல்ல வேண்டும். அவனுக்கு ஏ.எஸ்.வி. குறையவில்லை. முதலில் பார்த்த இடத்திலேயே பத்து குப்பி ஏற்றத் தொடங்கி, சரியாகக் குறிப்பெழுதி, எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். வழியில் மூச்சு ஓய்ந்தது. அவன் முகத்துக்குப் பொருந்தும் அளவில் மூச்சு கொடுக்கும் முகமூடி இல்லை. வந்து இறங்கியபோது நாடி இல்லை. மருந்து எத்தனை மணிக்கு ஏறியது என்பது குறிப்பில் நிமிடக் கணக்கில் இருந்தது. மூச்சு எப்போது தளரத் தொடங்கியது, யார் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. யாரும் அலட்சியமாக இருந்துவிடவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுத்தோமோ அதைச் சரியாகச் செய்தார்கள். மீதியை நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த விஷமுறிவு மருந்து நம் கைக்கு வந்து சேரும் பாதை சாதாரணமானதல்ல. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியைத் தந்துவந்திருக்கிறது. பாம்பைப் பானையில் வைத்துக் காத்து, விஷத்தை எடுத்துவிட்டு, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷம் குதிரைக்குச் சென்று, குதிரையின் ரத்தத்திலிருந்து மருந்தாகிறது. 2023இல் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ பெற்றபோது என் மருத்துவ நண்பர்கள் பலர் கண்கலங்கினார்கள். இருளர்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்துத் தரும் மருந்து ரத்தக் குழாயில் ஏறிக்கொண்டிருக்கும்போதே மூச்சில்லாமல் ஒரு பிள்ளை சாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். 2030க்குள் இந்தச் சாவுகளைப் பாதியாக்க வேண்டும் என்று 2024இல் மத்திய அரசு செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு பாம்புக் கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வர வேண்டும். மிக நல்ல முடிவு. அந்தக் கணக்கோடு இன்னொரு விவரத்தையும் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை: நோயாளிக்கு இமை இறங்கியிருந்ததா, ஒரே மூச்சில் எதுவரை எண்ணினார், மூச்சு தளர்ந்தபோது யார், எதைக் கொண்டு மூச்சு கொடுத்தார்கள். கேட்கப்படும் என்று தெரிந்தால்தான் பார்க்கப்படும். அரசுப் பணியில் இருந்த எவருக்கும் இது தெரியும்.

பயிற்சிக்குப் பெரிய செலவு ஆகாது. முகமூடியை முகத்தில் பொருத்தி, தாடையைத் தூக்கிப் பிடித்து, அம்பு பேக் என்ற மூச்சுப் பையை அழுத்துவது ஒரு கைப்பழக்கம். பொம்மையில் பழகலாம்; அதைவிட நல்லது, பக்கத்திலிருக்கும் மருத்துவமனையின் அறுவை அரங்கில் எங்களுடன் சில காலைகள் நின்று பழகுவது. அங்கே தினமும் மூச்சு நிற்கிறது, தினமும் யாராவது அதைக் கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களையும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களையும் முறைவைத்து அனுப்பினால் எந்த மயக்கவியல் மருத்துவரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். வட்ட மருத்துவமனைகளில் மயக்க மருந்து டாக்டரைச் சிசேரியனுக்குக் கூப்பிடுகிறார்கள். இமை இறங்கிய நோயாளி வந்தாலும் கூப்பிட வேண்டும் என்று விதியாக்குங்கள். நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பு ஒரே மூச்சில் எதுவரை எண்ணுகிறார் என்று பாருங்கள். குறைவாக இருந்தால் குழாய் போட்ட பிறகே வண்டி கிளம்ப வேண்டும். குழாய் போடத் தெரிந்தவர் இல்லையென்றால், பையை அழுத்தத் தெரிந்த ஒருவர் வழி முழுக்கக் கூட வர வேண்டும். கை வலித்தால் மாற்றிக்கொள்ள இன்னொருவரும் வேண்டும்.

வீடுகளிலும் சொல்ல வேண்டியது இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் பெண்கள் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு இதையும் சொல்லலாம்: தரையில் படுத்து எழுந்தவருக்கு விடியலில் வயிற்று வலியோ வாந்தியோ வந்து, இமையும் இறங்கினால், கடிவாய் தெரியாவிட்டாலும் அதைக் கட்டுவிரியன் என்றே எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும். பார்வை பார்க்கவோ வேர் கொடுக்கவோ நேரம் இல்லை. கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. எல்லோருக்கும் கட்டில் வாங்க முடியாது என்பதை நான் அறிவேன். பாயைச் சுற்றிலும் செருகிவிட்ட ஒரு கொசுவலை பாம்பையும் தடுக்கும். கொசுவலையைக் கொசுவுக்காக மட்டும் கொடுக்காமல், பாம்புக் கடி மிகுந்த கிராமங்களில் இதற்காகவே கொடுக்கலாம்.

கடைசியாக, மருந்துக் கிடங்கின் கொள்முதல் பட்டியலைப் பார்க்கும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்பு பேக் எல்லா இடங்களிலும் இருக்கிறது என்று பதிவேடு சொல்லும். பெட்டியைத் திறந்து பாருங்கள். ரப்பர் விறைத்துப் போயிருக்கிறதா, வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, குழந்தைகளுக்கான சிறிய பையும் இரண்டு மூன்று அளவு முகமூடிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாத இடங்களுக்கு அடுத்த மழைக்கு முன்பே அனுப்பிவையுங்கள்.